கசாரா மலைப்பாதையில் ஒரு பழைய மோட்டார்

கல்யாண் சந்திப்பைக் கடந்ததும் ரயில்பாதை இரண்டாகப் பிரிகின்றது. தென்கிழக்கே செல்லும் கிளை போர் காட் என்னும் கணவாயில் ஏறிப் புனேக்குச் செல்லும். ஊருக்குப் போகும் ரயில்கள் அவ்வழியே செல்வதால், மும்பையிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர் அதனை நன்கு அறிவர். கர்ஜத் நிலையத்தில் வடாபாவ் வாங்கி உண்ணாத தமிழ்க் குடும்பம் அருமை. வடகிழக்கே செல்லும் கிளையோ தால் காட் ஏறி நாசிக் செல்வது. அது நம்மவர் பலர்க்கும் அவ்வளவு பழக்கமில்லாத வழி. அதன் அடிவாரத்தில் இருக்கும் ஊர் கசாரா. மும்பையிலிருந்து 121 கிலோமீட்டர். புறநகர் ரயில்கள் அத்துடன் நின்றுவிடுகின்றன.

கசாராவுக்கு மேல் இகத்புரி வரையுள்ள பாதை 1865 ஜனவரி 1ஆம் நாள் திறக்கப்பட்டது. செங்குத்தான இடங்களில் 37 அடி முன்னே சென்றால் 1 அடி மேலே ஏறவேண்டும். ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்குள் 300 மீட்டர் உயரம் ஏறியாகிறது. ஆதலால் கனமான ரயில்களுக்குக் கசாராவில் பின்னாலும் இஞ்சின் பூட்டித் தள்ளுவார்கள். 'பாங்கர்' என்பது ரயில்வேயில் அதற்கு வழங்கும் பெயர். இகத்புரி வந்ததும் அது கழன்றுகொண்டு, மறுபடி கீழே இறங்கி, அடுத்த ரயிலுக்காகக் காத்திருக்கும். பிரயாணிகளில் பெரும்பாலோர் அது வந்ததையும் அறியார், போனதையும் அறியார்.

மோட்டார்ச் சாலையும் அதே மலையில்தான் ஏறுகின்றது. 2025 ஜூன் 5ஆம் நாள் சம்ருத்தி நெடுஞ்சாலையின் கடைசிப் பகுதி திறக்கப்பட்டது. இகத்புரிக்கு அருகே மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ச் சுரங்கத்தின் வழியே விரைவோருக்குக் கணவாய் ஏறிய உணர்வே இராது. நாங்கள் சென்றது அதற்கு முந்திய மே மாதம். வளைவுக்கு வளைவு குரங்குகள் அமர்ந்திருக்கும் பழைய ஏற்றத்தில்தான் சென்றோம். மோட்டாருக்குப் பின்னால் பாங்கர் கிடையாது. தன் பாரத்தைத் தானே சுமந்து, தன் வெப்பத்தைத் தானே ஆற்றிக்கொண்டு ஏறவேண்டும்.

எங்கள் வீட்டு மோட்டார் 1996ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி. மும்பைக் குர்லாவில் உருவானது. 1089 கன சென்டிமீட்டர் இஞ்சின். கியர்த் தண்டு ஸ்டீயரிங்கின் அருகிலேயே இருக்கும். இதே வகை மோட்டார்கள்தாம் கறுப்பும் மஞ்சளுமாய் மும்பை வீதிகளை ஆண்டன. 2023 அக்டோபருடன் அந்த டாக்சிகள் ஓய்ந்தன. மாமா அதனைப் புதிதாக வாங்கியவர். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் மாமியார். மங்கிய பச்சை. 'வாழைக்குருத்து' என்று அவர் சொல்வாராம். அவர் மறைந்து ஓராண்டு நிறைந்தது. திதியை நாசிக்கில், கோதாவரியின் ராமகுண்டத்தில் கொடுக்க வேண்டும் என்பது மாமாவின் விருப்பம்.

ரயில்வே குமாஸ்தா குடும்பம் ரயிலில் போகாமல் மோட்டாரில் போவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். மாமாவுக்கு வயது 78. முழங்கால்கள் நடைமேடைப் பாலத்தின் படிகளுக்கு இடங்கொடா. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. அந்த மோட்டாரை எடைக்குப் போட்டுவிடும் பேச்சு அப்பொழுது வீட்டில் நடந்துகொண்டிருந்தது. போகுமுன் ஒரு தடவை அந்த வண்டியிலேயே போய் வரவேண்டும் என்றார் மாமா. அவர் எதையும் வற்புறுத்திக் கேட்பவர் அல்லர்.

எடைக்குப் போடும் பேச்சு எழுந்த விதத்தைச் சொல்லவேண்டும். மூன்று மாதங்களாக வண்டி நீரைக் குடித்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு லிட்டர் வரை ரேடியேட்டரில் ஊற்ற வேண்டியிருந்தது. இரவில் வண்டிக்கு அடியில் பழைய மராத்திச் செய்தித்தாள்களை விரித்து வைத்து, காலையில் எடுத்துப் பார்த்தோம். ஒழுகும் வண்டிக்கு இது நல்ல சோதனை. எவ்விடத்தில் ஈரம் படிகிறதோ அதற்கு நேர் மேலே பார்க்கலாம். எண்ணெயா நீரா என்பதும் தாளிலேயே தெரிந்துவிடும். எங்கள் தாளில் எண்ணெய் இரண்டு சொட்டு இருந்தது. நீர் ஒரு சொட்டும் இல்லை. வழக்கமாகச் செல்லும் பட்டறையில் காட்டினோம். வெளியே ஒழுகாமல் நீர் குறைந்தால் அது இஞ்சினுக்குள்தான் போகிறது, ஹெட் காஸ்கெட் போய்விட்டது, இஞ்சினைப் பிரிக்க 28,000 ரூபாய் ஆகும், அந்தப் பணத்தை இந்த வண்டியில் போடுவதைவிட இதனை எடைக்குப் போடுவதே மேல் என்று சொன்னார்கள். வண்டியை அவர்கள் ஓட்டிப் பார்க்கவில்லை. மாமா அதன்பின் இரண்டு நாள் வண்டியின் பக்கமே செல்லவில்லை.

எங்களுக்கு ரயில்வே ஷெட்டில் பழுதுப் பதிவேடு எழுதும் வேலை. இஞ்சின் எங்கே நின்றது, எத்தனை மணிக்கு, எவ்வளவு பாரத்துடன், ஏற்றத்திலா சமதளத்திலா என்று கட்டம் கட்டமாக எழுதுவோம். பழுதைக் கண்டுபிடிக்கும் மேஸ்திரி முதலில் படிப்பது அந்தக் கட்டங்களைத்தான். அந்தப் பழக்கத்தால் மோட்டாருக்கும் மகனுடைய பழைய பள்ளி நோட்டு ஒன்றில் கணக்கு வைத்திருந்தோம். கல்யாண் கடைத்தெரு நெரிசலில் 25 நிமிடம்: வெப்பமானி முள் நடுவில். பிவண்டிச் சாலைச் சமதளத்தில் 50 கிலோமீட்டர் வேகம்: முள் நடுவில். மேம்பால ஏற்றங்களில் மட்டும் சிறிதே எழுந்து, இறங்கியதும் தணிந்தது. இவ்வளவே அதில் இருந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அப்பொழுது எங்களுக்குத் தெளிவாகவில்லை. முள் முக்கால் பங்கைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்து, இரண்டு கலன்களில் 10 லிட்டர் நீரும் எடுத்துக்கொண்டு, மே மாதத்தில் ஒரு விடியற்காலையில் புறப்பட்டோம். திதி மறுநாள் காலை.

ஷஹாபூர் வரை ஒரு குறையும் இல்லை. கர்டியைக் கடந்தபொழுது வெயில் ஏறிவிட்டது. கசாராவில் தேநீர் அருந்தி, இஞ்சின் ஆறியபின் ரேடியேட்டரில் முக்கால் லிட்டர் ஊற்றி, ஏறத் தொடங்கினோம். ஆறாவது நிமிடத்தில் முள் நகர்ந்தது. பத்தாவது நிமிடத்தில் முக்கால் பங்கைத் தொட்டது. வளைவுக்கு முன்னால் சற்று அகன்ற ஓரம் ஒன்று கிடைத்தது. அங்கே நிறுத்துவதற்கும் மூடியருகே ஆவி சீறுவதற்கும் சரியாக இருந்தது. மகன் கைதட்டி மகிழ்ந்தான். அவனுக்கு ரயில் பார்த்ததுபோல் இருந்தது போலும்.

ஐந்து நிமிடத்தில் ஒரு லாரி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. பலகையில் தமிழ் எழுத்து, சங்ககிரி வண்டி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரிகள் இந்தியாவின் எந்தச் சாலையிலும் தென்படும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அன்று அதன் அருமையைக் கண்டோம். டிரைவர் ஐம்பதைத் தாண்டியவர். இறங்கி வந்து, மூடியின்மேல் துணியைப் போட்டுத் திறக்க முனைந்த மாமாவின் கையை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங்கய்யா. தெறிச்சா முகம் போயிடுமுங்க. முக்கால் மணி நேரம் அப்படியே இருக்கட்டும்."

நீரைக் கொண்டுவந்து இஞ்சின்மேல் வீசவும் அவர் விடவில்லை. கொதித்த இரும்பின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் கண்டுவிடும். காத்திருந்த நேரத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஊருக்குள்ள நெரிசல்ல சூடாகுதுங்களா, ஏத்தத்துல சூடாகுதுங்களா?" நோட்டை நீட்டினோம். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். "இத மொதல்லயே காட்டியிருந்தா அந்தப் பட்டறைக்காரரு வேற சொல்லியிருப்பாருங்க" என்றார். காட்டத்தான் செய்தோம், அவர்கள் பார்க்கவில்லை.

அவர் சொன்னதை எங்கள் நடையில் எழுதுகிறோம். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படும்.

இஞ்சின் சூடேறுவது ஒரு நோய் அன்று. பல நோய்களின் அடையாளம். நெரிசலில் நின்று நின்று செல்லும்பொழுது சூடேறி, ஓட ஓடத் தணிந்தால் குறை காற்றில் இருக்கிறது. விசிறி, விசிறிப் பட்டை, ரேடியேட்டரின் முகத்தில் அடைத்த தூசி இவற்றைப் பார்க்கவேண்டும். நெரிசலில் சரியாக இருந்து, நீண்ட ஏற்றத்தில் மட்டும் சூடேறினால் காற்றைக் குறைகூற இயலாது. ஏற்றத்தில் இஞ்சின் தன் முழு வலிமையையும் செலவிடுகிறது; உண்டாகும் வெப்பம் மிகுதி. அதை எடுத்துச் செல்லும் நீர் போதிய அளவில் ஓடவில்லை என்பதே பொருள். ரேடியேட்டர்க் குழல்கள் அடைத்திருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம், கீழ் ரப்பர்க் குழாய் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளலாம், நீரே குறைவாக இருக்கலாம். பற்றவைப்பு நேரம் பின்தங்கினாலும் இவ்வாறு நேர்வதுண்டு. இஞ்சின் கொதித்தும் மேல் குழாய் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி நின்றுவிட்டது. (அதைக் கழற்றி எறிந்துவிடுவது நம் நாட்டுப் பட்டறைகளின் பழைய வழக்கம். அதனால் குளிர்காலத்தில் இஞ்சின் உரிய வெப்பத்தை அடைவதற்கே நேரமாகி, பெட்ரோல் வீணாகும்.)

ஹெட் காஸ்கெட் போனதற்கோ தனி அடையாளங்கள் உண்டு. குளிர்ந்த இஞ்சினை மூடி திறந்தபடி கிளப்பினால் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் தொடர்ந்து வரும். எண்ணெய் அளவுக் கம்பியில் எண்ணெய் பால்விட்ட தேநீர்போல் இருக்கும். இஞ்சின் சூடான பின்னும் புகைக்குழாயில் வெண்புகை நில்லாது. இவை எல்லாம் சேர்ந்தே வரவேண்டும் என்பதில்லை. ஆனால் ஒன்றுமே இல்லாதபொழுது காஸ்கெட் என்று தீர்ப்புச் சொல்வது அவசரம்.

முக்கால் மணி கழிந்தது. அதற்கிடையே சாலை ஓரமாகத் தலையில் இரண்டு குடம் அடுக்கிய ஒரு பெண்மணி ஏறி வந்தார். இந்த ஷஹாபூர் வட்டாரத்திலும் அண்டையிலும் உள்ள பாட்சா, தான்சா, வைதர்ணா நீர்த்தேக்கங்களிலிருந்துதான் மும்பை நகரம் குடிக்கிறது. கோடையிலோ இவ்வட்டாரச் சிற்றூர்கள் பல தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கின்றன. எங்கள் குடிநீர் அப்பொழுது தீர்ந்திருந்தது; கலன் நீர் குடிக்கத் தக்கதன்று. மாமாவுக்கு நா வறண்டுவிட்டது. எங்கள் வீட்டில் அவர் சற்றுத் தயங்கி அப்பெண்ணிடம் நீர் கேட்டார். குடிப்பதற்கா, வண்டிக்கா என்று அவர் மராத்தியில் வினவினார். குடிப்பதற்கு என்றதும் மேல் குடத்தை இறக்கி, மாமாவின் கையில் மெல்லச் சாய்த்தார், பையனுக்கும் வார்த்தார். பணத்தை வாங்கவில்லை. வண்டிக்கு என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை நாங்கள் கேட்டுப் பார்க்கவில்லை.

டிரைவர் பானெட்டைத் திறந்தார். அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்த்தார். எண்ணெய் கறுப்பாக இருந்தது, பால்நிறம் இல்லை. ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாக நகர்த்தினார். பின்பு எங்கள் கையையும் வைக்கச் சொன்னார். வலப்புறம் நல்ல சூடு. இடப்புறம் கீழே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெதுவெதுப்பாகக்கூட இல்லை. அவ்விடத்துக் குழல்களில் நீர் ஓடவில்லை. பிறகு விசிறி இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ஆடக்கூடாத அது ஆடியது. பம்ப்பின் அடியில் விரல்நுனியளவு துளை ஒன்று உண்டு. உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் நீர் அத்துளை வழியே கசியும்; அதற்கென்றே அதை வைத்திருக்கிறார்கள். துணியை விரலில் சுற்றி அங்கே துடைத்துக் காட்டினார். துருவும் வெண்ணிற உப்பும் ஒட்டியிருந்தன.

செய்தித்தாளில் ஏன் சொட்டு விழவில்லை என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. நிற்கும் வண்டியில் அது கசியவில்லை. ஓடும்பொழுது, தண்டு ஆட ஆட, அழுத்தத்தில் கசிந்தது. கசிந்த நீரை விசிறி வாரிக் கொதிக்கும் இஞ்சின்மேல் இறைத்தது. இறைத்த நீர் அங்கேயே உலர்ந்தது. இஞ்சின் பக்கச் சுவரில் வெண்கோடுகள் படிந்திருந்தன. கடைசியாக மூடியைத் திறந்து, கலன் நீரை நிரப்பி, இஞ்சினைக் கிளப்பச் சொன்னார். ஐந்து நிமிடம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழி வரவில்லை.

"ஹெட் காஸ்கெட் இல்லீங்கய்யா. பம்பும் ரேடியேட்டரும்தானுங்க. வண்டிய எடைக்குப் போட்றாதீங்க."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியின் மறுபுறம் சென்று சிறிது நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மீதி ஏற்றத்தைப் பற்றி ஒரு சிறு வாதம் நடந்தது. மூடியைப் பாதி தளர்த்தி வைத்தால் அழுத்தம் குறையும், கசிவும் குறையும் என்றார் மாமா. பழைய டிரைவர்கள் பலர் அவ்வாறு செய்வதுண்டு. லாரி டிரைவர் இசையவில்லை. அவர் காரணத்தைச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார், காரணம் இது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இறுகியிருந்தால் நீர் ஏறத்தாழ 110 டிகிரியில்தான் கொதிக்கும். தளர்த்திவிட்டால் கடல்மட்டத்தில் 100. இகத்புரியின் உயரத்திலோ 98. கசிவை மிச்சப்படுத்தப் போய்க் கொதிப்பை அழைத்துக்கொள்வதாக முடியும். அதனால் மூடியை இறுக்கி, இரண்டாம் கியரில் இஞ்சின் திணறாத வேகத்தில் ஏறி, முள் முக்காலை நெருங்குமுன் நின்று நின்று போவதென்று தீர்ந்தது. தம் கலன் ஒன்றையும் எங்கள் வண்டியில் ஏற்றினார். "நான் பின்னாலேயே வரேனுங்க" என்று சொல்லி லாரியில் ஏறிக்கொண்டார்.

எஞ்சியிருந்தது அதிகத் தொலைவு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மூன்று இடங்களில் நின்றோம். ஒவ்வொரு முறையும் பின்னால் லாரியும் நின்றது. அதற்குப் பின்னால் வந்தோர் ஒலித்த ஹாரன்களை அவர் பொருட்படுத்தவில்லை. உச்சியில் காட்டன்தேவி கோயில் தெரிந்ததும் கைகூப்பினார். தேநீருக்கு மட்டும் இசைந்தார். கலன் நீருக்குப் பணம் என்று வாயெடுத்ததும் கோபித்துக்கொண்டார். இகத்புரிக்கு மேல் நாசிக் வரை பெரும்பாலும் மேட்டுச் சமவெளி. முள் தாழ்ந்தே இருந்தது. வெளிச்சம் இருக்கும்பொழுதே ஊர் சேர்ந்தோம்.

மறுநாள் காலை ராமகுண்டத்தில் திதி முறையாக நடந்தது. அதைப் பற்றி இங்கே விரித்தெழுதப் போவதில்லை.

நாசிக்கிலேயே வண்டியைப் பழுது பார்த்தோம். பம்ப்புக்குப் பேரிங்கும் சீலும் புதிதாகப் போட்டார்கள். ரேடியேட்டரை அதற்கென்றே உள்ள தொழிலாளி ஒருவர் வாங்கி, ஈயப்பற்றை உருக்கி மேல்தொட்டியைக் கழற்றி, ஒவ்வொரு குழலிலும் மெல்லிய தகட்டுக் கம்பியை விட்டுக் குத்தி எடுத்தார். அரைத்த சுண்ணாம்பும் செம்மண்ணும் கலந்தாற்போல் ஒரு கிண்ணம் நிறையப் படிவு வந்தது. எங்கள் குடியிருப்பின் ஆழ்குழாய் நீரைப் பல்லாண்டுகளாக ஊற்றிவந்ததன் பயன் அது. நீராவி இஞ்சின் காலத்தில் ரயில்வேக்காரர்கள் கொதிகலனுக்கு ஊற்றும் நீரின் உப்பை ஆராய்ந்து பார்த்துப் பக்குவம் செய்தே வார்த்தார்கள். படிவு கண்ட கொதிகலன் கரியைத் தின்னும், குழாயை எரித்துவிடும். மோட்டார் வைத்திருப்போர் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. இப்பொழுது வாலை நீரும், பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றதென்று குறித்துள்ள கூலண்டும் சரிபாதியாகக் கலந்து ஊற்றியிருக்கிறோம். கூலண்டுக்கு நிறம் இருப்பதால் கசிவு எங்கே உலர்ந்தாலும் கறை காட்டிக்கொடுக்கும். அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாதபடி வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,600 ரூபாய் ஆயிற்று.

ஜூலையில், அருவிகள் பாறைக்குப் பாறை விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் கசாரா ஏறிப் பார்த்தோம். மழைநாள் என்பதால் சோதனை கடுமையானது என்று சொல்வதற்கில்லை. எனினும் அடிவாரம் முதல் காட்டன்தேவி வரை நிற்காமல் ஏறினோம். முள் நடுவை விட்டு ஒரு நூலளவுதான் எழுந்தது. அதை நோட்டில் குறித்தவர் மாமா. பதிவு புதுப்பிக்கும் ஆண்டு வந்தால் வண்டியை அதிகாரிகளின் சோதனைக்குத் தாமே ஓட்டிச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

சங்ககிரி டிரைவர் பிவண்டிக் கிடங்குகளுக்குச் சரக்கேற்ற வரும்பொழுது தொலைபேசியில் அழைக்கிறார். இரண்டு முறை நெடுஞ்சாலை ஓரத்திலேயே சந்தித்து, வீட்டில் போட்ட எலுமிச்சை ஊறுகாய் ஒரு புட்டி கொடுத்தோம். நலம் விசாரிப்பதற்கு முன்னால் அவர் கேட்பது, தண்ணீர் எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதுதான். சென்ற முறை மாமாவே தொலைபேசியை வாங்கி, மூன்று மாதத்தில் கால் லிட்டர் என்று பதில் சொன்னார்.